மீன் பாடுமோ?

மட்டக்களப்பு என்னும் பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே, அதனோடு ஒட்டிப் பிறந்ததுபோல இன்னொரு தொடரும் தமிழர் நாவில் வந்து நிற்கும். மீன்பாடும் தேன்நாடு என்பதே அத்தொடர். தேனுக்கும் தயிருக்கும் பேர்பெற்ற நாட்டைத் தேன்நாடு என்பதில் எவருக்கும் ஐயம் தோன்றுவதில்லை. மீன் பாடும் என்ற முற்பகுதியே கேட்டோரைச் சற்று நிறுத்தி வைக்கிறது. வாய்பேசாத உயிருக்கு உவமை கூற விரும்புவோர் மீனையே முதலில் நினைப்பர். அம்மீன் பாடும் என்றால், அதனை உள்ளபடி நடக்கும் செயலாகக் கொள்வதா, அன்றி அழகுக்காகச் சொல்லப்பட்ட கற்பனையாகக் கொள்வதா? பல தலைமுறைகளாக இவ்வினாவுக்கு இருவகை விடைகளும் கூறப்பட்டு வந்துள்ளன.

இவ்வொலிக்குப் பிறப்பிடமாகக் கூறப்படுவது மட்டக்களப்பு வாவி. கிழக்கிலங்கைக் கரையை ஒட்டி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கிடக்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள கடற்கரைப் பகுதி எழுவான்கரை. மேற்கே வயல்கள் பரந்த பகுதி படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என்று திசையையே பெயராக்கிக்கொண்ட மக்களின் சொல்நயம் இங்கே எண்ணத்தக்கது. முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் இவ்வாவி கடலோடு கலக்கிறது. மாரிக்காலத்தில் வெள்ளம் பெருகி நீர் நன்னீராகும். கோடையில் கடல்நீர் புகுந்து உவர்ப்பு ஏறும். ஆகவே ஆற்றில் வாழ்வனவும் கடலில் வாழ்வனவும் மாறிமாறி வந்து தங்கும் இடமாக அது இருக்கிறது. புளியந்தீவு நகரையும் கல்லடியையும் இணைத்து, 1924 ஆம் ஆண்டில் இவ்வாவியின் குறுக்கே இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. அக்காலத் தேசாதிபதி மனிங் என்பாரின் மனைவியார் பெயரை அது பெற்றது. 2013 ஆம் ஆண்டில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பாடும் மீனைக் கேட்க விரும்புவோருக்கு அந்தப் பழைய பாலத்தின் அடிப்பகுதியே வழமையாகச் சுட்டிக்காட்டப்படும் இடம்.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள மாதங்களில், காற்று அடங்கிய நிலாக்கால இரவொன்றில், அங்கே தோணியில் செல்லும் இளைஞன் ஒருவன் முதியவரான தோணிக்காரரிடம், "அப்பு, மெய்யாகவே மீன்தானா பாடுது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் நேரான விடை சொல்லமாட்டார். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையை அவன் காதருகே பிடித்து, "கேளு மனே" என்பார். அவன் கேட்டு வியந்து, "எந்த மீன் அப்பு?" என்றால், "அது ஊரி மனே" என்பார். ஊரி என்பது சிறு சங்கினத்துக்கு அப்பக்கத்தில் வழங்கும் பெயர். "அப்போ மீன் பாடுது என்று சொல்லுறீங்களே" என்று அவன் மடக்கினால், "தண்ணிக்குள்ள இருந்து கேக்குது மனே, வேற என்ன சொல்லுற?" என்று முடித்துவிடுவார். இவ்வுரையாடலில் தோணிக்காரர் பொய் ஏதும் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொன்ன மூன்று விடைகளும் மூன்று தளங்களில் நிற்கின்றன. கேள் என்பது அனுபவம். ஊரி என்பது காரணம் பற்றிய கருத்து. மீன் என்பது மரபாகிய பெயர். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வோருக்கு அவர் சொல் புதிராகவே தோன்றும்.

சொல்லின் பொருளை ஆராய்வதற்குத் தமிழில் பழைய வழியொன்று உண்டு. ஒரு சொல் தன் பொருளை நேரே உணர்த்துவதை வெளிப்படை என்றும், உய்த்துணர வைப்பதைக் குறிப்பு என்றும் இலக்கண நூலார் பிரித்தனர். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று கொள்கிறோம். அது இடத்தின் பெயர் ஆங்குள்ள மாந்தருக்கு ஆகிவந்தது. பாலை இறக்கு என்றால் பால் உள்ள பாத்திரத்தை இறக்குகிறோம். அது உள்ளிருக்கும் பொருளின் பெயர் கொள்கலத்துக்கு ஆகிவந்தது. இந்த இரண்டாம் வழியை மேற்கொண்டால், மீன் பாடுகிறது என்பதற்கு மீன் உறையும் வாவி ஒலிக்கிறது என்பதே பொருளாகலாம். அங்ஙனம் கொள்ளின் எந்த உயிர் பாடுகிறது என்ற வினாவே எழாது.

இதனோடு இன்னொன்றும் நோக்கற்பாலது. மீன் என்ற சொல்லின் எல்லை தமிழில் மிக விரிந்தது. வானத்தில் ஒளிர்வதும் மீன்; நீரில் நீந்துவதும் மீன். செவுளும் துடுப்பும் உள்ளவற்றையே மீன் என்று உயிரியலார் வரையறுப்பர். வழக்கிலோ நட்சத்திர மீன், சொறிமீன், கணவாய் மீன் என்று அவ்வரையறைக்கு அப்பாற்பட்ட உயிர்களும் மீனாகவே வழங்குகின்றன. ஆகவே தோணிக்காரர் மீன் என்ற பெயரால் ஊரியைக் கருதியிருந்தாலும், அவர் சொல்லைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. விஞ்ஞானியின் மீனும் மீனவனின் மீனும் ஓசையால் ஒரு சொல்லேயாயினும் பொருளால் இருவேறு அளவின.

பாடும் என்ற சொல்லும் அவ்வாறே ஆராயத்தக்கது. குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், காகம் கரையும், வண்டு முரலும் என்று ஒவ்வோர் உயிரின் ஒலிக்கும் உரிய வினையைத் தமிழ் மரபு வகுத்திருக்கிறது. மீனின் ஒலிக்கு அவ்வாறு வழிவழி வந்த வினைச்சொல் வழக்கில் இல்லை. செவிக்கு எட்டாத ஒன்றுக்குப் பெயர் தேடும் தேவை எழவில்லை போலும். ஆதலின் வாவிக்கரையில் நீருக்குள்ளிருந்து ஓர் ஒலியைக் கேட்ட மக்கள், அதற்கு இனிமை இருந்தமையால், மனிதருக்குரிய பாடும் என்ற வினையைக் கடனாகக் கொண்டனர். பெயரில்லாத இடத்தில் உவமையே பெயராகிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வொலியை எழுத்திற் பதிந்தவருள் புகழ்பெற்றவர் சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற். 1845 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த அவர், 1848 ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, இரவில் தோணியேறி வாவியில் சென்று இதனைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வுக்கு அவர் அதனை ஒப்பிட்டார். ஒரே சுரம் நீண்டு ஒலிக்கவில்லை என்றும், ஒவ்வொன்றும் தனித்துத் தெளிவான சிற்றொலிகள் பல கூடி எழுந்தன என்றும் அவர் குறித்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகப் பெருகியது என்பதும், தோணி நகர நகர ஒலி மாறியும் மறைந்தும் போயிற்று என்பதும் அவர் தந்த செய்திகளுள் முக்கியமானவை. ஓர் இடத்தில் கேட்டது இன்னோர் இடத்தில் கேட்காமையால், நீரின் அடியில் குறித்த சில இடங்களில் தங்கியிருக்கும் உயிர்களே இதற்குக் காரணம் என்று அவர் எண்ணினார். 1859 ஆம் ஆண்டு வெளியான இலங்கை பற்றிய தமது பெருநூலிலும், 1861 ஆம் ஆண்டு வெளியான இயற்கை வரலாற்று நூலிலும் இதனை அவர் எழுதினார்.

மீனவர்கள் அவருக்குச் சொன்ன பெயரில் ஊரி என்ற சொல் இருந்தது. அப்பெயருக்கு அவர் ஆங்கிலத்தில் கொடுத்த பொருளைத் தமிழில் இருவிதமாகக் கூறலாம்: ஒன்று கூவும் சிப்பி; மற்றொன்று அழும் சிப்பி. ஆங்கிலத்தில் கூவுதலுக்கும் அழுதலுக்கும் ஒரே சொல் நின்றமையே இதற்குக் காரணம். கூவும் சிப்பி என்பது வெறும் செய்தி. அழும் சிப்பி என்பதோ சிப்பிக்கு ஒரு நெஞ்சையும், அந்நெஞ்சுக்கு ஒரு துயரையும் கொடுத்துவிடுகிறது. மீனவன் வாயில் செம்பொருளாக இருந்த ஒன்று, மொழி மாறும்போது எத்தனை எளிதில் காவியமாகிவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது. புதிரான சொற்களை ஆராய்வோர், அச்சொல் முதன்முதலில் எவர் வாயிலிருந்து எந்த மொழியில் வந்தது என்று கேட்டுக்கொள்வது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

இதே ஒலியை முற்றிலும் வேறொரு வழியிற் பொருள்கொண்டவர் விபுலாநந்த அடிகள். 1892 ஆம் ஆண்டு, இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவிற் பிறந்த அவர், தமிழறிஞராக மட்டுமன்றி விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கினார். கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயம் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்திலே நிற்கிறது. நிலவு பொழியும் இரவில் வாவியில் எழும் இன்னொலியை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு அவர் பாடினார். அவரது பேருழைப்பின் பயனாகிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு வெளியாயிற்று. பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுரங்களையும் கணித முறையால் அளந்து காட்டிய அறிஞர் ஒருவர், நீருக்குள் மகளிர் இருந்து பாடுகின்றனர் என்று உள்ளபடி நம்பினார் என எவரும் சொல்லார். அவருக்கு அவ்வொலி, மறைந்துபோன ஒரு பெரும் இசைமரபின் குறியாக நின்றது. நீருள் ஒலிப்பது செவிக்குக் கேட்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. தமிழர் யாழும் அத்தகையதே: பெயர் கேட்கிறது, உருவம் காணக் கிடைக்கவில்லை. இவ்வாறு இரண்டையும் இணைத்து நோக்குவார்க்கு நீரரமகளிர் என்ற கற்பனை ஆழமான பொருள் தரும்.

அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் நடப்பன போலவும் செய்வன போலவும் கூறப்படுவதை நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் மரபாக ஏற்று விதி செய்திருக்கிறார். அவ்விதியில் உள்ள போல என்ற சொல்லே அதன் உயிர்நாடி. பேசும் என்று அவர் சொல்லவில்லை. பேசுவன போல என்றார். உவமைக்கும் உண்மைக்கும் நடுவே அவர் நிறுத்திய வேலி அது. மக்கள் வழக்கில் நாளடைவில் அந்தப் போல உதிர்ந்துவிடுகிறது. பாடுவது போல ஒலிக்கிறது என்பது பாடுகிறது என்றாகிவிடுகிறது. பின்னர் வருவோர், உதிர்ந்த சொல்லை மீண்டும் சேர்த்துப் படிப்பதா, அன்றி அது முதலிலேயே இல்லை என்று கொள்வதா எனத் தடுமாறுகின்றனர்.

இத்தடுமாற்றத்தில் பலர் எளிய வழியொன்றை நாடுவர். மீனாவது பாடுவதாவது, இது வெறும் கவிதை என்று ஒதுக்கிவிடுவர். கற்றோர் பலருக்கு இதுவே அறிவுடைமையாகத் தோன்றும். எனினும் விஞ்ஞானம் இங்கே அவர்கள் பக்கம் நிற்கவில்லை. மீன்களுள் பல இனங்கள் உண்மையாகவே ஒலி எழுப்புகின்றன. கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை அறிந்திருந்தார். மீனுக்கு நுரையீரல் இன்மையால் அதற்குக் குரல் இல்லை என்றும், ஆயினும் உள்ளுறுப்புகளாலும் செவுள்களின் உராய்வாலும் அது ஒலி எழுப்பும் என்றும் அவர் எழுதினார். குரல் வேறு, ஒலி வேறு என்று அவர் செய்த பிரிவினை இன்றைக்கும் பொருந்துவது.

மீனின் வயிற்றில் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் மிதப்பதற்கு அது உதவுகிறது. சில மீன்களில் அப்பையைச் சுற்றியுள்ள தசைகள் மிக விரைவாகச் சுருங்கி விரிய, பை மத்தளம்போல் அதிர்ந்து ஒலிக்கிறது. தமிழகக் கடற்கரையிற் கத்தாளை என்று வழங்கும் மீனினம் இத்தகையது. கீச்சான் என்ற மீனும் ஒலி எழுப்பும் இனத்தைச் சேர்ந்தது. அதன் பெயரிலேயே ஒலி தொனிக்கிறது. கெளிற்று இனத்திற் சில, முள்ளைத் தன் குழியில் உராய்ந்து ஒலிக்கும். மலேசியாவின் கிழக்குக் கரையில், நீருக்குள் தலையை அமிழ்த்தி மீன்கூட்டத்தின் ஒலியைக் கேட்டு, வலை வீச வேண்டிய இடத்தைச் சொல்லும் தேர்ந்த மீனவர் இருந்தனர். அவர்களுக்கு மீனின் ஒலி அழகுக் கற்பனையன்று. அன்றாடச் சோற்றுக்கு வழி.

இது குறித்து அமெரிக்காவில் நிகழ்ந்த செய்தி ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. கலிபோர்னியா மாநிலத்தில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை அடுத்த சோசலிற்றோ என்னும் ஊரில், மிதக்கும் படகு வீடுகளில் வாழ்ந்த மக்களை 1980களில் இரவுதோறும் ஒரு ரீங்காரம் உறங்கவிடாது தொல்லைப்படுத்தியது. நீரேற்றும் பொறியோ, கழிவுநீர்க் குழாயோ, கடற்படையின் மறைவான முயற்சியோ என்று பலவாறு ஐயுற்றனர். இறுதியில், கல்லிடுக்கில் கூடமைத்துப் பெண்மீனை அழைக்கும் ஒருவகை ஆண்மீனின் ஒலியே அது என்று கண்டறியப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ நூறு முறை காற்றுப்பைத் தசைகளைச் சுருக்கி, ஒரு மணிநேரத்துக்கும் மேலாக அம்மீன் இடைவிடாது ஒலிக்க வல்லது. அங்கே மீன் பாடுகிறது என்று எவரேனும் முதலிற் சொல்லியிருந்தால் அது வெறும் கற்பனை என்று நகைத்திருப்பர். அக்கற்பனையே உண்மையாக முடிந்தது.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. அதே நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் பாஸ்கக்கூலா என்னும் ஆறு பாடும் ஆறு என்று பெயர் பெற்றது. பகைவருக்கு அடிமையாவதினும் சாவதே மேல் என்று துணிந்த ஒரு பழங்குடி மக்கள், கைகோத்துப் பாடிக்கொண்டே அவ்வாற்றில் இறங்கி மறைந்தனர் என்றும், அவர்தம் இறுதிப் பாடலே இன்றும் ஒலிக்கிறது என்றும் அங்கே ஒரு பழங்கதை வழங்குகிறது. அக்கதையை உள்ளபடி கொண்டு ஆற்றின் அடியில் மாந்தரைத் தேடுவது பேதைமை. ஆயினும் கதை பொய் என்று எறிந்துவிடுவதும் அதற்கு நிகரான பேதைமையே. நிலம் இழந்த மக்களின் துயரை அவ்வொலியின் மீது ஏற்றி, மறவாமற் காத்து வந்திருக்கிறார்கள் என்பதே அதன் உட்பொருள். ஒரே தன்மையான நீரொலி மட்டக்களப்பில் இன்னிசையாகவும் பாஸ்கக்கூலாவில் ஒப்பாரியாகவும் கேட்பது செவியின் வேறுபாட்டால் அன்று. கேட்போர் வரலாற்றின் வேறுபாட்டால்.

நீருலகம் ஊமை என்ற எண்ணமே அண்மைக்காலம் வரை மேலோங்கி நின்றது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் குஸ்தோ 1953 ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு மௌன உலகம் என்றே பெயர் வைத்தார். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியால் அறிய முயன்றோர், கடலடியில் விறகு எரிவது போன்ற ஓயாத படபடப்பைக் கேட்டுத் திகைத்திருந்தனர். கொடுக்கைச் சொடுக்கும் சிற்றிறால் இனமே அதற்குக் காரணம் என அறிந்தனர். அந்த இறால் கொடுக்கை மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி பிறந்து வெடிக்கிறது என்றும், அவ்வெடிப்பே ஒலியாகிறது என்றும் 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. விரல்நீளமே உள்ள ஓருயிர் போர்க்கருவியையும் குழப்ப வல்லதாயின், வாவியின் அடியில் எத்தனை உயிர்கள் எத்தனை வகையாக ஒலிக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, தோணிக்காரரின் துடுப்புக்கு வருவோம். வெறுங்காதுக்கு அரிதாய்க் கேட்பது, துடுப்பின் வழியே தெளிவாகக் கேட்பதேன்? நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் வேகத்தில் செல்லும். காற்றில் ஏறக்குறைய 340 மீற்றரே. நீருக்கும் காற்றுக்கும் அடர்த்தியிலும் பெருவேறுபாடு உண்டு. ஆதலால் நீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்பை அடைந்ததும், அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் நுழைகிறது. எஞ்சியது சுவரில் பட்ட பந்துபோல் நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. மரத்துக்கும் நீருக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு மிகச் சிறிது. எனவே நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து காதை ஒட்டிய எலும்புக்கும் ஒலி தடையின்றி ஏறிவருகிறது. எழுத்தறியாத மீனவன் கைக்கொண்ட இம்முறை பௌதிக விதிக்கு முற்றும் இணங்கியது. துடுப்பில் கேட்பது மனப்பிரமை அன்று என்பதற்கும் இதுவே சான்று. காற்றின் ஓசையாக மட்டும் இருந்திருப்பின் துடுப்பை அமிழ்த்துவதால் அது பெருகாது.

முழுநிலவில் மீன் பாடும் என்பதும் இவ்வாறே இருவகைப் பொருள் தாங்கியது. நிலவின் அழகில் மயங்கி மீன் பாடுகிறது என்பது கவிஞர் கொள்ளும் பொருள். முழுமதியிலும் அமாவாசையிலும் கடலின் ஏற்றவற்றம் மிகும். கடலோடு கலக்கும் வாவியின் உயிர்களுக்கு அது வாழ்க்கைச் சக்கரத்தின் அடையாளம். அன்றியும், நிலாக்காலத்தில்தான் மக்கள் தோணியேறி உலாவச் செல்வர். காற்று ஓய்ந்த பின்னிரவு அவர்களுக்கு அமைதியைத் தரும். பாடுவோர் எந்நாளும் பாடினும், கேட்போர் சென்ற நாளே பாடிய நாளாகக் கணக்கில் ஏறும். காரணமும் தற்செயலும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்து, மட்டக்களப்பிற் பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்ய உதவினார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வாவியைக் கண்டிராத மக்களும் தம் வீட்டிலிருந்தே அதனைச் செவிமடுத்தனர். ஒலிப்பதிவு வந்ததும் ஒரு வழக்கு முடிந்தது: ஒலி உண்டா இல்லையா என்ற ஐயம் தீர்ந்தது. ஆயினும் ஒலிப்பது எது என்ற வினா அப்படியே நின்றது. ஏனெனில் ஒலிவாங்கி ஓசையைக் கொண்டுவரும், முகத்தைக் கொண்டுவராது. தெனன்ற் ஊரியைக் காரணமாகக் கொண்டார். ஊரியினத்துக்குக் காற்றுப்பையும் அதனை அதிரச் செய்யும் தசையும் இல்லாமையால், பின்வந்தோர் மீனையே சுட்டினர். ஒன்றன்பின் ஒன்றாக நீரின் அடியில் பல இனங்கள் ஒலிக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், புதிர்ச்சொல்லைப் பொருள்கொள்வதற்கு ஒரு நெறி புலப்படும். முதலில் செம்பொருளைப் பொறுமையோடு சோதித்தல் வேண்டும். அது இயலாது என்பது நன்கு தெளிந்த பின்னரே குறிப்புப் பொருளுக்குச் செல்லல் வேண்டும். அங்ஙனம் சென்றபோதும், செம்பொருளில் நின்றோரை அறியாதவர் என இகழ்தல் தகாது. அவர் கண்டது ஒன்று இருந்தமையாலேயே கற்பனைக்கும் கால் கிடைத்தது. மீன் என்பதில் உயிர்களின் உண்மை இருக்கிறது. பாடும் என்பதில் கேட்போரின் உள்ளம் இருக்கிறது. ஒரே தொடரில் பெயர் செம்பொருளாகவும் வினை உருவகமாகவும் நிற்றல் கூடும். முழுவதும் உண்மை, முழுவதும் கற்பனை என்ற இரண்டே வாயில்களை அமைத்துக்கொண்டு நிற்பவருக்கு இந்த நடுவழி தென்படாது.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. மீன்பாடும் தேன்நாடு என்பதை வெறும் அடைமொழியாகக் கொள்வாருக்கு, வாவி எவ்வாறு ஆயினும் குறையில்லை. சிலையிலும் வரவேற்பு வளைவிலும் அடைமொழி அழியாது நிற்கும். செம்பொருளாகக் கொள்வாருக்கோ பெரும் பொறுப்பு உண்டாகிறது. பாடும் உயிர் ஒன்று உண்டென்றால், அதற்கு உறைவிடம் வேண்டும், இரை வேண்டும், தன் இனத்தின் ஒலியைத் தான் கேட்கும் அமைதியும் வேண்டும். விசைப்பொறி பூட்டிய படகுகளின் இரைச்சலும், பாலத்தின் மேல் ஓயாது செல்லும் வாகனங்களின் அதிர்வும், கரையோரங்களில் சேரும் கழிவும், வெட்டுண்ட கண்டல் மரங்களும் அவ்வுயிரைப் பாதிக்கும் செய்திகளாகும். ஆண்மீன் பெண்மீனை அழைக்கும் ஒலியாக அது இருக்குமாயின், அவ்வொலி அடங்குதல் அடுத்த தலைமுறை பிறவாமைக்கு அறிகுறியாகும். ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் நீடித்து 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போர்க்காலத்தில், இரவில் வாவியிற் சென்று கேட்கும் வழக்கமே பெரிதும் அற்றுப்போயிற்று. 2004 ஆம் ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை அழித்தது. ஒலியைக் கேட்டு வளர்ந்த முதியோர் குறைந்து, பெயரை மட்டும் கேட்டு வளர்ந்த இளையோர் பெருகியிருக்கும் காலம் இது.

செம்பொருளை மறந்த உருவகம் வெகுநாள் உயிரோடிராது. நிலவைக் காணாத நாட்டில் நிலாமுகம் என்ற உவமைக்கு என்ன சுவை இருக்கும்? அதுபோலவே, நீருக்குள் ஒலிப்பது எதுவும் இல்லாமற் போன பின்னர், மீன் பாடும் என்ற தொடர் எழுத்தாக மட்டுமே எஞ்சும். விபுலாநந்த அடிகள் யாழின் பெயரிலிருந்து யாழின் உருவத்தைத் தேடிச் சென்றார். அதற்கு அவருக்கு நீண்ட கால உழைப்பு வேண்டியிருந்தது. வாவியின் பாடலுக்கு அந்நிலை வருமுன் கேட்டுவைத்தல் அதனினும் எளிது. அதற்குத் தேவைப்படுவது காற்று ஓய்ந்த ஓர் இரவும், பொறியில்லாத ஒரு தோணியும், ஒரு துடுப்பும், பேசாதிருக்கும் பொறுமையுமே. எந்த மீன் என்று கேட்ட இளைஞனுக்குத் தோணிக்காரர் முதலிற் சொன்ன விடையிலேயே அந்நெறி முழுவதும் அடங்கியிருந்தது. பொருள் கூறுமுன் அவர் சொன்னது ஒன்றே: கேளு மனே.